ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும்: வீட்டோர மரவேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மரவேலையில் வெட்டுவதற்கு ஆகும் நேரம் குறைவு. வெட்டிய துண்டு எந்தப் பக்கம் போகும், எவ்வளவு கனம் இருக்கும், அது இறங்கும்போது யார் எங்கே நிற்பார்கள் என்று கணக்குப் போடுவதற்குத்தான் அதிக நேரம் போகும். அந்தக் கணக்கு தப்பினால் ஓடு உடையும், ஒயர் அறும், ஆள் போகும்.

இங்கே சொல்வது நம் ஊர்த் தெருக்களிலும் வீட்டுக் கொல்லையிலும் செய்யும் வேலையைப் பற்றி: கூரைமேல் சாய்ந்த கிளையை இறக்குவது, ஐப்பசி மழைக்கு முன் கவாத்து செய்வது, பட்ட தென்னையை எடுப்பது. தோப்பில் சவுக்கு, தைல மரம் அறுப்பது வேறு தொழில். அங்கே மரம் விழ இடம் இருக்கும். இங்கே இருக்காது.

தரையில் முதல் அரை மணி

அரிவாளை எடுக்காமல் மரத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். முதலில் அடிமரம். தூரில் தட்டுத்தட்டாகக் காளான் இருந்தால் உள்ளே வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருந்தால் மரம் சாயத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் சாக்கடைக்கோ குழாய்க்கோ அண்மையில் பள்ளம் தோண்டினார்களா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வேரை அறுத்த விஷயத்தைத் தானாக யாரும் சொல்வதில்லை.

பிறகு கோடாரியின் பின்பக்கத்தால் இரண்டடிக்கு ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். கெட்டி மரம் ‘டக்’ என்று சுருக்கமாகப் பேசும். பொந்து விழுந்த மரம் பானையைத் தட்டியதுபோல முழங்கும். முழங்குகிற மரத்தில் ஏறுவதைப் பற்றி இரண்டு முறை யோசியுங்கள். அதில் முழு எடையைத் தொங்கவிடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது கவைகள். இரண்டு கொம்பு பிரியும் இடம் அகலமாக, கிண்ணம்போல் இருந்தால் நல்ல பிடிப்பு. கத்தரிக்கோல்போல் நெருங்கிப் பிரிந்து, நடுவே பட்டை உள்ளே மடங்கியிருந்தால் அங்கே மரத்தோடு மரம் சேரவில்லை என்று பொருள். அந்தக் கவையில் கயிறு போடக் கூடாது.

மரத்தின் ஜாதியும் முக்கியம். புளியங்கிளை வளையும், முனகும், எச்சரிக்கை கொடுத்துவிட்டு ஒடியும். முருங்கையும் ஒதியனும் மயில்கொன்றையும் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். வேதாளத்தைத் தவிர வேறு யாரும் முருங்கையில் ஏறக் கூடாது. ஏணி வைத்தோ தொரட்டி போட்டோதான் வெட்ட வேண்டும்.

கடைசியாக, ஐந்து நிமிடம் சும்மா நின்று மேலே பாருங்கள். கதண்டுக் கூடோ மலைத்தேனீயோ இருந்தால் பூச்சிகள் ஒரே வழியில் போய் வருவது தெரியும். இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். மாமரத்தில் இலையை ஒட்டிக் கட்டிய முசுறுக் கூடு உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இருபதடி உயரத்தில் கழுத்துக்குள் முசுறு இறங்கும்போது இரண்டு கையும் தானாகக் கழுத்துக்குப் போகும். கொம்பேறி மூக்கனும் அப்படித்தான்: விஷமில்லாத பாம்பு, பதறிக் கையை விட்டால்தான் ஆபத்து.

ஒயர் இருந்தால்

கிளைக்குள் மின்கம்பி போகிறது என்றால் ஏறுவதற்கு முன் ஈபி ஆபீஸில் சொல்லி லைனை நிறுத்த வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. ‘கரெண்ட் போயிருக்கு, சீக்கிரம் வெட்டிடுங்க’ என்று வீட்டுக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். போன கரெண்ட் எந்த நொடியும் வரும். லைனை நிறுத்திய பிறகும் யாராவது வீட்டு ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் கம்பியில் மின்சாரம் திரும்பி வரும். லைன்மேன் நேரில் வந்து, நிறுத்தி, எர்த் செய்துவிட்டேன் என்று சொன்ன பிறகே வேலை.

பச்சைக் கிளை மின்சாரம் கடத்தும். ஈரக் கயிறும் கடத்தும். அலுமினிய ஏணியும் இரும்புத் தொரட்டியும் சொல்லவே வேண்டாம். 11 கேவி கம்பி மரத்தைத் தொடாமல் பக்கத்தில் போனாலும் உடம்பு, கருவி, வெட்டும் கிளை எதுவும் அதற்குப் பத்தடிக்குள் வரக் கூடாது.

உடுப்பும் ஆளும்

லுங்கி வேண்டாம். கால்சட்டை, கணுக்கால் வரை மூடும் ஷூ, தாடைப் பட்டையோடு ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு. செயின் சா (சங்கிலி ரம்ப மெஷின்) ஓடும்போது இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும். காதடைப்பு இல்லாமல் வேலை செய்தால் சில வருஷத்தில் காது மந்தமாகும். பணம் சேர்ந்ததும் வாங்க வேண்டிய முதல் பொருள் செயின் சா கால்சட்டை. அதன் உள்ளே இருக்கும் நீண்ட இழைகள் சங்கிலியில் சுற்றி அதை நிறுத்திவிடும். இடுப்பு பெல்ட் மட்டும் போதாது. விழுந்தால் முதுகெலும்பில் அடிக்கும், தலைகீழாகவும் கவிழ்க்கும். தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ் வேண்டும்.

குறைந்தது மூன்று பேர்: மேலே ஒருவர், கயிற்றில் ஒருவர், தெருவையும் வாசலையும் பார்த்துக்கொள்ள ஒருவர். மூன்றாவது ஆளுக்குக் கூலி தண்டம் என்று நினைப்பார்கள். பள்ளிவிட்டு வரும் பிள்ளை கிளைக்கடியில் சைக்கிளோடு நுழைவது அவர் இல்லாத நாளில்தான்.

கூப்பிடும் சொற்களை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘விடு’ என்ற சொல் வேண்டாம். மெஷின் இரைச்சலில் ‘விடு’வும் ‘விடாதே’யும் ஒன்றுபோலவே கேட்கும். ‘இறக்கு’, ‘பிடி’, ‘நில்’ என்ற மூன்று போதும். மேலே இருப்பவர் சொன்னதைக் கீழே இருப்பவர் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்த வெட்டு.

மெஷின்

செயின் சா வாங்கும்போது பெரியதாகத் தேடாதீர்கள். வீட்டு மரங்களுக்கு 14 அல்லது 16 அங்குல பார் (சங்கிலி சுற்றி ஓடும் தகடு) போதும். முதல் ஆறு மாதம் மரத்துமேல் மெஷின் கொண்டுபோகவே வேண்டாம். கைரம்பமும் அரிவாளுமாகப் பழகுங்கள். மெஷினைத் தரையில் துண்டுபோடப் பயன்படுத்துங்கள்.

எரிபொருள் கலவை தயாரிப்பாளரின் புத்தகத்தில் இருக்கும். தரமான 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) என்றால் பொதுவாக 50-க்கு 1: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. கண்ணளவாக ஊற்றாமல் மருந்து மூடியிலோ ஊசிக் குழாயிலோ அளந்து ஊற்றுங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் உரசி இறுகும். கூடினால் பிளக் கறுத்து அணைந்துகொண்டே இருக்கும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைத்திருக்காதீர்கள். வேலை இல்லாத மாதங்களில் டேங்கைக் காலிசெய்து, கார்ப்பரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

பாருக்கு ஊற்றும் ஆயில் தனி. காசு மிச்சம் என்று ஒர்க்‌ஷாப் கழிவு ஆயிலை ஊற்றுபவர்கள் நிறையப் பேர். அதிலுள்ள இரும்புத் துகள் ஆயில் பம்பை அடைக்கும், பாரின் காடியைத் தின்னும். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பார் நுனியை வெளிர்நிற மரத்துண்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து வேகமாக ஓடவிடுங்கள். சில நொடியில் துண்டின்மேல் ஆயில் கோடு விழ வேண்டும்.

பல் கூர் மழுங்கியதை மரத்தூளே சொல்லும். கூரான சங்கிலி அவல்போல் சில்லாகத் தள்ளும். மழுங்கியது ரவையாகவும் மாவாகவும் தள்ளும். வெட்டு ஒரு பக்கம் வளையும். மெஷினை அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள், நிறுத்தி அரம் போடுங்கள். சின்ன மெஷின்களில் வரும் சன்னமான 3/8 சங்கிலிக்கு 4 மி.மீ. உருண்டை அரம்; .325 சங்கிலிக்கு 4.8 மி.மீ. பாரின் குறுக்கே 30 டிகிரி சாய்வில் பிடித்து, உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று தள்ளு என்றால் எல்லாவற்றுக்கும் மூன்றே. ஒரு பக்கப் பற்கள் நீளமாக விட்டுப்போனால் வெட்டு வளைந்து போவதற்கு அதுதான் காரணம். நாலைந்து முறை அரம் போட்டபின், பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்ன மேட்டையும் தட்டை அரத்தால் தேய்க்க வேண்டும். பல்லின் உச்சியைவிட அது ஏறத்தாழ 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் சரி. அதற்கு மேல் தேய்த்தால் மெஷின் கடித்துத் துள்ளும்.

துள்ளல்தான் மெஷினில் பெரிய ஆபத்து. பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் மூஞ்சியை நோக்கி எகிறும். ஆகவே நுனியால் வெட்டாதீர்கள், இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியிருக்கட்டும், தோளுக்கு மேல் தூக்கி வெட்டாதீர்கள், முன்தடுப்பு பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். ஒற்றைக் கையால் மெஷின் பிடித்து இன்னொரு கையால் கிளையைப் பிடித்துக்கொள்வது பார்க்கச் சாமர்த்தியமாக இருக்கும். இடது முழங்கையில் தழும்பு உள்ளவர்கள் எல்லாரும் அந்தச் சாமர்த்தியசாலிகள்தான்.

கயிறு

ஏறும் கயிறு வேறு, இறக்கும் கயிறு வேறு. கலக்கவே கூடாது, நிறம் மாற்றி வாங்கினால் குழப்பம் வராது. இறக்குவதற்கு 16 மி.மீ. நைலான் கயிறு நல்லது. ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீலம், பச்சைப் பிளாஸ்டிக் கயிறு மரத்தில் உரசிய சூட்டில் இளகி வழவழக்கும், வெயிலில் உளுத்துப்போகும். அதை இலைதழை கட்டி இழுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புது 16 மி.மீ. நைலான் நான்கு டன்னுக்கு மேல் தாங்கும் என்பது உண்மை. ஆனால் முடிச்சு போட்ட இடத்தில் பலம் பாதிவரை குறையும். துண்டு விழுந்து கயிறு சட்டென்று பிடிக்கும்போது அதன் எடை பல மடங்காகத் தெரியும். எனவே பத்தில் ஒரு பங்கு மட்டுமே கணக்கு. புதியவர்களுக்கு அதிலும் பாதி.

எடையைக் கண்ணால் மதிப்பிட ஒரு வழி: பச்சை மரம் ஏறத்தாழ தண்ணீர் கனம். ஒரு அடி விட்டம், மூன்றடி நீளத் துண்டு 65 கிலோவுக்குக் குறையாது. கிட்டத்தட்ட ஒரு ஆள். ஒரு ஆளை உங்கள் தலைக்கு மேலிருந்து இறக்குகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு துண்டின் அளவைத் தீர்மானியுங்கள்.

கயிற்றைக் கையால் மட்டும் பிடித்து எடை இறக்க முடியாது. அடிமரத்தில் இரண்டு சுற்று போட்டால் ஒருவர் நிதானமாக இறக்கலாம். கனம் கூடினால் மூன்று சுற்று. கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளக் கூடாது. தரையில் கிடக்கும் மீதிக் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கவும் கூடாது. கட்டிடவேலைக் கப்பியைக் கிளையில் கட்டி இறக்குபவர்களும் உண்டு. சிமெண்டுச் சட்டியைத் தூக்குவதற்குச் செய்த கப்பி அது, விழும் மரத்தைப் பிடிப்பதற்கு அல்ல.

ஒரு கிளையை இறக்குவது

தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று, அடியில் எட்டங்குலத் தடிமன், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேல் படுக்கையாக இருபதடி நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பெஸ்டாஸ்மேல் கால் வைக்க முடியாது. முழங்கை தடிமன் கொம்பு விழுந்தாலும் உடையும்.

முதலில் உங்களைக் கட்டிக்கொள்ளும் இடம்: வெட்டும் கிளைக்கு மேலே, உயிருள்ள, உங்கள் தொடை தடிமன் உள்ள கவை. மெஷினோ கைரம்பமோ ஓடும் நேரத்தில் இரண்டாவது கட்டும் இருக்க வேண்டும்; ஒன்றைத் தவறி அறுத்துவிட்டால் மற்றது தாங்கும்.

அடுத்து, நுனியிலிருந்து இலைக்கொத்துகளைக் கைரம்பத்தால் குறைத்து வாருங்கள். கையில் பிடித்து உள்பக்கம் வீசும் அளவு மட்டும். தூங்குமூஞ்சியில் எடையில் பெரும்பங்கு நுனித் தழையில் இருக்கும், மழை பெய்திருந்தால் இன்னும் கூடும். இதை முடித்தாலே கிளை ஓரடி மேலே எழும்புவது தெரியும்.

இப்போது கயிறு. அடியில் மட்டும் கட்டினால் வெட்டியதும் நுனி முதலில் தொங்கி கூரையைக் குத்தும். நுனியில் மட்டும் கட்டினால் அடி கீழே ஆடிவந்து உங்களையோ அடிமரத்தையோ இடிக்கும். ஆகவே இரண்டு கயிறு: எடை தாங்கும் கயிறு நுனிக்கும் நடுவுக்கும் இடையில், மேல் கவை வழியாக, இரண்டாவது அடிப்பக்கத்தில், ஆட்டத்தைக் கட்டுப்படுத்த. வெட்டுவதற்கு முன் முதல் கயிற்றைக் கீழே இருப்பவர் விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்வு ஒரு முழம் இருந்தால் அந்த ஒரு முழமும் விழும் தூரம்தான்.

வெட்டு மூன்று. அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கி இரண்டங்குலம். அதற்கு ஓரங்குலம் வெளியே, மேலிருந்து கீழே. கிளை சத்தமிடத் தொடங்கியதும் ரம்பத்தை எடுத்துவிட்டு ‘இறக்கு’ சொல்லுங்கள். முதல் அடிவெட்டு இல்லையென்றால் கிளை முறியும்போது பட்டையைப் பாளம்பாளமாக அடிமரம்வரை கிழித்துக்கொண்டு போகும். அந்தக் காயம் ஆறப் பல வருஷம் ஆகும். கிளை தரைக்குப் போன பிறகு மூன்றாவது வெட்டு, மிச்சமிருக்கும் கட்டையை எடுப்பதற்கு.

அந்தக் கடைசி வெட்டு எங்கே

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் ஒரு தடிப்பு இருக்கும். அந்தத் தடிப்பை மரத்திலேயே விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். காயத்தை மூடும் புதுப் பட்டை அங்கிருந்துதான் வளரும். வழவழவென்று இருக்கட்டும் என்று அடிமரத்தோடு செதுக்கினால் காயம் பெரிதாகி உள்ளே அழுகும். ஒரு சாண் கட்டை விட்டால் அது பட்டு, உளுத்து, பொந்தாகும். மரம் காயத்தைக் குணமாக்குவதில்லை, சுவர் எழுப்பி மூடிவைக்கிறது என்று அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ கட்டைகளைப் பிளந்து காட்டினார். வெட்டிய இடத்தில் தாரோ பெயிண்டோ பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. பூசச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டால் தேவையில்லை என்று சொல்லுங்கள்.

‘மொத்தமா மொட்டை அடிச்சிடுங்க’ என்றும் கேட்பார்கள். மொட்டை அடித்த வேம்பும் வாகையும் இரண்டு மழையில் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும். அந்தத் துளிர்கள் மேல்பட்டையில் மட்டும் ஒட்டியிருப்பவை. தடித்ததும் காற்றில் பிய்ந்து விழும். மூன்றாம் வருஷம் முன்னைவிட ஆபத்தான மரம் நிற்கும். ஒரு பருவத்தில் தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். நீளத்தைக் குறைப்பதானால், வெட்டும் கொம்பில் மூன்றில் ஒரு பங்காவது தடிமன் உள்ள பக்கக்கிளை வரை குறையுங்கள். முருங்கை மட்டும் விதிவிலக்கு. அதை ஆண்டுதோறும் மூன்றடி உயரத்தில் வெட்டினாலும் காய்க்கும்.

அடியோடு சாய்ப்பது

இடம் இருந்தால் மட்டும். ஒன்றரை அடி விட்டமுள்ள வேம்பு என்றால், விழ வேண்டிய பக்கம் நான்கு அங்குல ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வாய் எடுங்கள். பின்பக்க வெட்டு, வாயின் அடிமட்டத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே. வாய்க்கும் பின்வெட்டுக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மரத்தை அறுக்காமல் விட வேண்டும். கதவுக்குக் கீல்போல மரத்தைத் திசைமாறாமல் சாய்ப்பது அதுதான். அவசரத்தில் அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பப்படி விழும். தூள் பழுப்பாக, ஈரமாக வந்தால் உள்ளே பொக்கை. கீல் நிற்காது, நிறுத்திவிடுங்கள். இழுக்கும் கயிறு மரத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில். இழுப்பவர்கள் மரத்தின் உயரத்தைத் தாண்டி நிற்க வேண்டும். வெட்டுபவர் ஓடும் வழி பின்பக்கம் சாய்வாக, முன்பே சுத்தமாக்கி வைத்தது.

தென்னை

தென்னையில் வைரம் நடுவில் இல்லை, வெளிச்சுற்றில் இருக்கிறது. உள்ளே நாரும் சோறும். மற்ற மரத்தைப்போல் கீல் வளையாது. ஊருக்குள் மட்டை, குலை, குருத்து எடுத்துவிட்டு, மேலிருந்து இரண்டடி இரண்டடியாகத் துண்டு போட்டு இறக்குவதே வழி.

ஏறுவதற்கு முன் அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிகிறதா என்று பாருங்கள். தஞ்சாவூர் வாடல் நோயின் அடையாளம் அது. வேரும் தூரும் அழுகியிருக்கும். மேல்தண்டில் ஓட்டை, மென்று துப்பிய நார், நடுக்குருத்து வாடல் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே குடைந்திருக்கிறது. கொண்டை ஆளோடு சேர்ந்து ஒடியும். இரண்டு அறிகுறிக்கும் ஏறாதீர்கள், கிரேன் கேளுங்கள்.

உயிரோடு வைத்திருக்கும் தென்னையில் பச்சை மட்டை வெட்டினால் நான்கடி அடிமட்டை விட்டு வெட்டுங்கள். காயத்தின் வாடைக்குக் கூன்வண்டு வந்து முட்டையிடும். தண்டை எட்டாமலிருக்க அந்த நான்கடி. தண்டிலேயே காயம் பட்டிருந்தால் மட்டும் பூசி அடைக்கலாம்.

புயலுக்குப் பின்

2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையை அடித்த பிறகும், 2018 நவம்பர் 16-இல் கஜா டெல்டாவை அடித்த பிறகும் அரிவாள் பிடித்தவர்கள் எல்லாரும் மரம் வெட்டினார்கள். விழுந்த மரத்தில் ஆபத்து இல்லை என்று நினைப்பது தவறு. வில்லாக வளைந்து கிடக்கும் கிளையில், உள்வளைவு அழுந்தி நிற்கும், வெளிவளைவு இழுபட்டு நிற்கும். அழுந்திய பக்கம் முதலில் கொஞ்சம் வெட்டி, பிறகு இழுபட்ட பக்கம் சிறிது சிறிதாக. மாற்றி வெட்டினால் கிளை சாட்டையாக அடிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும் தூர் தன் எடையில் பள்ளத்துக்குள் திரும்ப நிமிரும். அந்தப் பள்ளத்தில் யாரும், முக்கியமாக வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள், இருக்கக் கூடாது.

அனுமதி, கூலி, காப்பீடு

தெருவோர மரம் உள்ளாட்சிக்குச் சொந்தம். வீட்டுக்காரர் சொன்னார் என்பது அனுமதி ஆகாது. எழுத்து மூலம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பனைமரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. சந்தன மரம் எங்கே நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கூலி பேசும்போது மரத்தை மட்டும் பார்க்காதீர்கள். தழையை எங்கே கொட்டுவது? குட்டியானையில் முக்கால் டன் ஏற்றலாம், ஆனால் தழை எடைக்கு முன் இடத்தை நிரப்பிவிடும். ஒரு பெரிய தூங்குமூஞ்சிக்கு நாலைந்து நடை ஆகும். விறகை எடுத்துக்கொண்டு கூலியைக் குறைக்கச் சொன்னால் மரத்தை அளந்து பேசுங்கள். சுற்றளவை நான்கால் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது வியாபாரிகளின் கணக்கு: நான்கடி சுற்று, பத்தடி நீளம் என்றால் 10 கன அடி. சுற்றில் ஆணி, வேலிக்கம்பி புதைந்திருந்தால் மில்காரர் விலையைக் குறைப்பார். அதையும் முன்பே பாருங்கள்.

பிரதமர் விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய்; இறந்தால் 2 லட்சம். வங்கிக் கணக்கு இருந்தால் அன்றைக்கே சேரலாம். உடல் உழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவும், தென்னை ஏறுபவர்களுக்கு தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீடும் இருக்கின்றன. ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிற விஷயங்களில் இதுதான் முதல்.

மாலையில்

வேலை முடிந்ததும் கூலி பிரிப்பதற்கு முன் அரைமணி வேலை இருக்கிறது. மெஷினின் பக்க மூடியைக் கழற்றி ஆயிலோடு ஒட்டிய தூளை வழித்தெடுங்கள், காற்று வடிகட்டியைத் தட்டுங்கள், பாரைத் திருப்பிப் போடுங்கள்; ஒரே பக்கம் தேயாமலிருக்கும். கயிற்றை முழுநீளமும் விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பாருங்கள். மினுமினுப்பாக, கெட்டியாக, ஒல்லியாக எங்கேயாவது தட்டுப்பட்டால் அது சூட்டில் இளகிய இடம். அந்த இடத்தில் கயிற்றை இரண்டாக வெட்டிவிடுங்கள். முழுசாகவே வைத்திருந்தால் நாளைக்கு யாராவது அவசரத்தில் எடுத்துக் கட்டிவிடுவார்கள்.